சம்பந்தன் ஐயாவின் கடைசித் தேர்தலும் திருமலையின் ஒற்றை ஆசனமும்

2020 ஆகஸ்ட் 5 ஆம் திகதி நடந்த பாராளுமன்றத் தேர்தலில் திருகோணமலை மாவட்டத்தின் நாலு ஆசனங்களில் ஒன்று இலங்கைத் தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தது. அந்த ஆசனத்தில் இராஜவரோதயம் சம்பந்தன் மீண்டும் எம்பி ஆனார். அப்போது அவருக்கு 87 வயது. முதன்முதலாக 1977 இல் இதே திருமலையிலிருந்து பாராளுமன்றம் போனவர், 2001 இலிருந்து ஒரு தேர்தலிலும் தோற்காமல் ஐந்தாவது தடவையாக வென்றிருந்தார்.

செய்தியாகப் பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் மாவட்டத்தில் செல்லுபடியான வாக்குகளில் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்கு விழுந்தது 18.6 வீதம். ஐந்தில் ஒன்றுகூட இல்லை. ஐந்தில் ஒன்றுக்கும் குறைந்த வாக்கில் நாலில் ஓர் ஆசனம் எப்படி வந்தது? வெற்றி அவருடையதா, சின்னத்தினுடையதா, இல்லை வாக்கெண்ணும் முறையினுடையதா? திருமலைத் தமிழர்களில் ஒரு பகுதியினர் இந்த முடிவை ஐயாவின் தனிச் செல்வாக்குக்குச் சான்று என்றார்கள். இன்னொரு பகுதியினர் ஆசனம் ஒன்றாகக் குறைந்ததற்கு அவரே காரணம் என்றார்கள். இரண்டுமே எண்களைச் சரியாகப் பார்க்காத பேச்சு என்பதே என் கருத்து.

முதலில் மாவட்டத்தைப் பார்ப்போம். திருகோணமலை, மூதூர், சேருவில என்று மூன்று தேர்தல் தொகுதிகள். மூதூரும் கிண்ணியாவும் முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் இடங்கள். சேருவில தொகுதி 1977 தேர்தலுக்கு முன் புதிதாக வெட்டப்பட்டது. கந்தளாய் உட்படக் குடியேற்றத் திட்டங்களால் வளர்ந்த சிங்களப் பகுதிகள் அதற்குள் வருகின்றன. நகரமும், வடக்கே நிலாவெளி, குச்சவெளி, திரியாய் பக்கமும், தெற்கே கொட்டியாரக் குடாவைத் தாண்டி கட்டைபறிச்சான், சம்பூர், ஈச்சிலம்பற்று, வெருகல் என்று நீளும் ஊர்களுமாகத் தமிழர்கள் பரந்து இருக்கிறார்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி முஸ்லிம்கள் சுமார் 40 வீதம், தமிழர்கள் 30 வீதத்துக்குச் சற்று மேல், சிங்களவர்கள் 27 வீதம் அளவில். எந்த ஒரு சமூகத்துக்கும் இங்கே பெரும்பான்மை கிடையாது. 1881 கணக்கெடுப்பில் தமிழர்கள் பாதிக்கு மேல் இருந்த மாவட்டம் இது என்பதையும் சேர்த்து வாசித்தால்தான், ஓர் ஆசனத்துக்காக இங்கே ஏன் இவ்வளவு பதைபதைப்பு என்று வெளியூர்க்காரருக்கு விளங்கும்.

அடுத்தது வாக்கை ஆசனமாக மாற்றும் முறை. இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் அரசியல் பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது இதுதான். 1978 அரசியலமைப்பு கொண்டுவந்த விகிதாசார முறையில், 1989 இலிருந்து பாராளுமன்றத் தேர்தல் மாவட்ட அடிப்படையில் நடக்கிறது. மாவட்டத்தில் ஐந்து வீதத்துக்குக் குறைவாக எடுத்த கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் முதலில் கழித்துவிடப்படும். அதிக வாக்கு எடுத்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். திருமலைக்கு நாலு ஆசனம் என்பதால் மிச்சம் மூன்று. வரம்பைத் தாண்டிய கட்சிகளின் மொத்த வாக்கை இந்த மூன்றால் வகுத்தால் வருவது ஓர் ஆசனத்தின் விலை. அந்த விலையை முழுதாகக் கொடுத்த கட்சிக்கு ஆசனம் நேராகப் போகும். அப்படிக் கொடுத்து முடிந்த பிறகும் ஆசனம் மீதமிருந்தால், எந்தக் கட்சியிடம் மிகுதி வாக்கு அதிகமோ அதற்குப் போகும்.

2020 இல் ஐக்கிய மக்கள் சக்தி 86,394 வாக்குகள், ஸ்ரீலங்கா பொதுஜன பெரமுன 68,681, தமிழரசுக் கட்சி 39,570. வேறு யாரும் ஐந்து வீதத்தைத் தொடவில்லை. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் ஓர் ஆசனத்தின் விலை 64,882 அளவில் வரும். ஐக்கிய மக்கள் சக்தி முதலிடம் என்பதால் போனஸ் ஒன்று, முழு விலை கொடுத்து ஒன்று, மிகுதி 21,512. மொட்டுச் சின்னத்தில் நின்ற பொதுஜன பெரமுன முழு விலை கொடுத்து ஒன்று எடுத்தது. மிகுதி நாலாயிரத்துக்கும் குறைவு. நாலாவது ஆசனம் மிகுதிக் கணக்குக்கு வந்தது. வீட்டுக்கு விழுந்த 39,570 வாக்கும் மிகுதிதான், முழு விலையைக் கொடுக்க அது காணாது. ஆனாலும் மிகுதிகளுக்குள் அதுவே பெரியது என்பதால் ஆசனம் வீட்டுக்கு வந்தது.

இதை மறுபக்கமாகத் திருப்பிப் பார்த்தால் ஆபத்து எங்கே இருந்தது என்று தெரியும். வீட்டுக்கு விழுந்த வாக்கில் சுமார் 13,500 கழன்று, ஐந்து வீத வரம்பைத் தாண்ட முடியாத இரண்டு மூன்று சிறிய அணிகளுக்குச் சிதறியிருந்தால், ஐக்கிய மக்கள் சக்தியின் மிகுதி வீட்டின் மிகுதியை முந்தியிருக்கும். அந்தக் கட்சிக்கு மூன்று, மொட்டுக்கு ஒன்று, தமிழருக்குப் பூச்சியம். சிதறிய வாக்கு கணக்கிலிருந்து கழிக்கப்படுவதால் ஆசனத்தின் விலையும் இறங்கும், அதனால் முதல் கட்சியின் மிகுதி இன்னும் ஏறும். அதாவது சிதறும் ஒவ்வொரு வாக்கும் இரண்டு பக்கமாக வெட்டுகிறது.

இது நடக்க முடியாத கற்பனை அல்ல. அதே நாளில், அதே கிழக்கு மாகாணத்தில், அம்பாறையில் நடந்தது. கருணா என்ற விநாயகமூர்த்தி முரளிதரன் அங்கே தனி அணியாக நின்று 29 ஆயிரத்துக்கு மேல் எடுத்தார். தமிழரசுக் கட்சி 25 ஆயிரத்துக்கு மேல் எடுத்தது. இரண்டு பேருக்கும் ஆசனம் இல்லை. 40 ஆயிரத்துக்கும் குறைவான வாக்கோடு இன்னொரு கட்சி அங்கே ஓர் ஆசனம் எடுத்தது. கடைசியில் தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்த ஒரேயொரு தேசியப்பட்டியல் இடத்தை (நாடு முழுவதற்குமான வாக்குக் கணக்கில் கட்சிக்குக் கிடைக்கும் இடம்) அம்பாறைக்குக் கொடுத்துச் சமாளிக்க வேண்டியதாயிற்று.

திருமலைக்காரர்களுக்கு இந்தப் பாடம் அம்பாறையிலிருந்து வர வேண்டிய தேவை இல்லை. சம்பந்தன் ஐயாவின் சொந்த வரலாறே போதும். தோல்வியே அறியாதவர் என்று இளைய தலைமுறை அவரை நினைக்கிறது. 1977 இல் தமிழர் விடுதலைக் கூட்டணியில் திருகோணமலைத் தொகுதியை வென்றார். 1983 இல் தனிநாட்டுக் கோரிக்கையை மறுத்துச் சத்தியம் செய்யச் சொன்ன ஆறாவது திருத்தத்தோடு, மற்றக் கூட்டணி எம்பிக்களைப் போலவே ஆசனத்தை இழந்தார். 1989 இல் அவர் நின்ற அணிக்குத் திருமலையில் ஒரு இடமும் கிடைக்கவில்லை. சுயேச்சையாக வந்த ஈரோஸ் அணி வென்றது. 1994 இல் கூட்டணிக்கு ஓர் ஆசனம் கிடைத்தது, ஆனால் விருப்பு வாக்கில், அதாவது பட்டியலில் உள்ள ஆட்களுக்குத் தனித்தனியாகப் போடும் வாக்கில், அ. தங்கத்துரை முந்தினார், இவர் இரண்டாவது. 1997 ஜூலை 5 ஆம் திகதி தங்கத்துரை திருமலையில் பாடசாலை நிகழ்வொன்றில் கொல்லப்பட்டார். பட்டியலில் அடுத்தவர் என்ற முறையில் சம்பந்தன் 14 ஆண்டுகளுக்குப் பிறகு பாராளுமன்றம் திரும்பினார். அதே ஜூலை 20 ஆம் திகதி மாவட்டத்தின் இன்னொரு எம்பியான எம்.ஈ.எச். மஹ்ரூபும் கொல்லப்பட்டார். ஒரே மாதத்தில் இரண்டு எம்பிக்களைப் பறிகொடுத்த மாவட்டம் இது. 2020 இல் சம்பந்தனோடு சேர்ந்து தெரிவானவர்களில் ஒருவரான இம்ரான் மஹ்ரூப் அந்த மஹ்ரூபின் மகன்.

2000 ஆம் ஆண்டு ஒக்ரோபர் தேர்தலில் கூட்டணிக்குத் திருமலையில் மறுபடியும் பூச்சியம். சம்பந்தன் தோற்றார். பதினான்கு மாதம்கூடப் போகவில்லை, 2001 டிசம்பரில் திரும்பத் தேர்தல் வந்தது. அதே மனிதர், அதே ஊர்கள், அதே வாக்காளர்கள். இந்தத் தடவை மாவட்ட வாக்குகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் எடுத்து வென்றார்கள். இடையில் நடந்தது ஒன்றுதான்: 2001 ஒக்ரோபரில் தமிழர் விடுதலைக் கூட்டணி, தமிழ் காங்கிரஸ், டெலோ, ஈபிஆர்எல்எப் என்ற நாலு கட்சிகளும் சேர்ந்து தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உருவானது. விடுதலைப் புலிகளும் அதற்கு எதிராக நிற்கவில்லை. ஆளை வைத்து வாக்கு விழுகிறதா, ஒற்றுமையை வைத்து விழுகிறதா என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு தேர்தல்களைத்தான் நான் காட்டுவேன்.

2004 இல் அலை உச்சத்துக்கு ஏறியது. தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னம் அதன் தலைவர் ஆனந்தசங்கரி பக்கம் சிக்கிக்கொண்டதால் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்கு மாறி நின்றார்கள். புலிகளின் ஆதரவு வெளிப்படையாகவே இருந்தது. மாவட்டத்தில் 68,955 வாக்குகள், ஏறத்தாழ 38 வீதம். முதலிடம், போனஸ் ஆசனம், இரண்டு எம்பிக்கள்: சம்பந்தனும் க. துரைரெட்ணசிங்கமும். அதற்குப் பிறகு வந்த எந்தப் பொதுத் தேர்தலிலும் வீட்டுக்குத் திருமலையில் போனஸ் கிடைக்கவில்லை. அந்த 2004 ஐ அளவுகோலாக வைத்துக்கொண்டு பின்னால் வந்த எல்லாவற்றையும் வீழ்ச்சி என்று அளப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். முஸ்லிம் காங்கிரஸும் அந்தத் தேர்தலில் தனியாக நின்று 65 ஆயிரத்துக்கு மேல் எடுத்தது. முஸ்லிம் வாக்கில் பெரும்பகுதி ஒரு பக்கம், சிங்கள வாக்கு இரண்டு பெரிய கட்சிகளுக்குள் பிரிந்து இன்னொரு பக்கம் என்று களம் மூன்றாகக் கிழிந்து கிடந்தபோதுதான் 38 வீதம் முதலிடமாயிற்று. பின்னாளில் முஸ்லிம் காங்கிரஸ் ஐக்கிய தேசியக் கட்சியோடும், அதன் பிறகு ஐக்கிய மக்கள் சக்தியோடும் ஒரே பட்டியலில் நின்றதும் அந்தக் கதவு மூடிவிட்டது.

2010 இல் வீட்டுக்கு விழுந்தது 33 ஆயிரத்துச் சொச்சம். ஆறு வருடத்தில் பாதிக்கும் கீழ். இதைக் கட்சியின் செல்வாக்குச் சரிவு என்று மட்டும் எழுதுவது அந்த ஆறு வருடத்தில் மக்கள் பட்டதை மறைப்பது. 2006 இல் மாவிலாற்றில் தொடங்கிய சண்டையோடு மூதூர் கிழக்கு முழுவதும் இடம்பெயர்ந்தது. சம்பூர் உயர் பாதுகாப்பு வலயமாகி, பிறகு அனல் மின் நிலையத்துக்கென்று ஒதுக்கப்பட்டு, சனம் கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் வருடக்கணக்காகக் கிடந்தது. நகரத்தில் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டது 2006 ஜனவரி 2 ஆம் திகதி. சந்தையில் குண்டு வெடித்து அதைத் தொடர்ந்து கலவரம் வந்தது அதே ஏப்ரல். போக முடிந்தவர்கள் போனார்கள். இந்தியாவுக்கு வள்ளம் ஏறியவர்கள் உண்டு, கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனவர்கள் உண்டு. 2010 தேர்தலில் விழாத வாக்குகளில் பல இப்படிப் போனவர்களுடையவை.

2015 இல் கொஞ்சம் மீண்டது, சுமார் 46 ஆயிரம் வாக்கு. ஜனவரியில் ஆட்சி மாறியிருந்தது. சம்பூர் காணிகளை விடுவிக்கும் பேச்சு செயலாகத் தொடங்கியிருந்தது. அந்த ஆகஸ்ட் தேர்தலுக்குப் பிறகு சம்பந்தன் எதிர்க்கட்சித் தலைவரானார். 1977 இல் அமிர்தலிங்கத்துக்குப் பிறகு அந்தப் பதவிக்கு வந்த தமிழர் அவர். சம்பூர் சனம் சொந்தக் காணிக்குத் திரும்பியதும், அனல் மின் திட்டம் கைவிடப்பட்டதும் அந்தக் காலத்தில்தான். அது அவர் தனியாகச் செய்தது அல்ல. சம்பூர் மக்கள் முகாமிலிருந்து விடாமல் போராடினார்கள், நீதிமன்றம் போனார்கள். ஆனாலும் அவருடைய பங்கை மறுப்பது நியாயம் இல்லை.

அப்புறம் 2020. தேர்தல் முதலில் ஏப்ரல் 25, பிறகு ஜூன் 20, கடைசியில் ஆகஸ்ட் 5 என்று கொரோனாவால் தள்ளித் தள்ளிப் போனது. புதிய அரசியலமைப்பு வரும், தீர்வு வரும் என்று 2015 இலிருந்து கூட்டமைப்பு சொல்லிவந்த எதுவும் வந்து சேரவில்லை. 2015 இல் வந்த நல்லாட்சி அரசை ஐந்து வருடம் தாங்கிப் பிடித்து என்ன கண்டோம் என்ற கோபம் யாழ்ப்பாணத்தில் மட்டும் இருக்கவில்லை, உப்புவெளியிலும் இருந்தது, மூதூரிலும் இருந்தது. வேலையில்லாப் பட்டதாரிகள், கரைவலைக்காரர்கள், மேய்ச்சல் தரை போன மாட்டுக்காரர்கள் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு முறைப்பாடு இருந்தது. எம்பியை ஊரில் காணக் கிடைப்பதில்லை என்பது எல்லாருக்கும் பொதுவான முறைப்பாடு. நாடு முழுவதும் கூட்டமைப்பின் ஆசனங்கள் 16 இலிருந்து 10 ஆக இறங்கின.

திருமலையில் அந்த ஒன்று ஏன் தப்பியது என்பதற்கு மிகுதிக் கணக்கு ஒரு பாதி விளக்கம். மறுபாதி, அந்த ஜூன் மாதத்தில் கிழக்கு மாகாணத்துக்கென்று அமைக்கப்பட்ட தொல்பொருள் செயலணி. பாதுகாப்புச் செயலாளர் தலைமையில், தொடக்கத்தில் தமிழரோ முஸ்லிமோ ஒருவர்கூட இல்லாமல் அது வந்தது. கன்னியா வெந்நீரூற்றுப் பிரச்சினை முந்தைய ஆண்டுதான் நீதிமன்றம் வரை போயிருந்தது. கோணேசர் கோயில் சூழல், தென்னமரவடி, திரியாய், குச்சவெளி என்று ஒவ்வோர் இடத்திலும் தொல்பொருள் என்ற பெயரில் அடுத்தது எந்தக் காணி போகும் என்ற பயம் இருந்தது. கோபத்தோடு இருந்த வாக்காளர்கூட, தமிழ் எம்பி இல்லாத திருமலையை நினைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கே புள்ளடி போட்டார்.

ஆனால் எப்படிப் போட்டார் என்பதுதான் இந்தத் தேர்தலில் நான் முக்கியமாகப் பார்ப்பது. கட்சிக்கு ஒரு புள்ளடி போட்ட பிறகு, பட்டியலில் உள்ள ஏழு பேரில் மூன்று பேர் வரை விருப்பு வாக்குப் போடலாம். 2015 இல் வீட்டுக்கு விழுந்த சுமார் 46 ஆயிரத்தில் 33 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சம்பந்தனுக்கு விருப்பு வாக்குப் போட்டார்கள். நாலில் மூன்று பேர் அளவில். 2020 இல் 39,570 இல் அவருக்குக் கிடைத்தது 21 ஆயிரத்துச் சொச்சம். பாதிக்குச் சற்று மேல். விருப்பு வாக்கே போடாமல் விடுகிறவர்களும் உண்டுதான். ஆனாலும் ஐந்து வருடத்தில் நாலில் மூன்று என்பது பாதியளவுக்கு இறங்கியதை அதை வைத்து மட்டும் விளக்க முடியாது. கூட்டமைப்பின் தலைமை, எதிர்க்கட்சித் தலைவராக இருந்த பெருமை எல்லாம் இருந்தும், வீட்டுக்குப் போட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் மூன்று விருப்பு வாக்கில் ஒன்றைக்கூட அவருக்குக் கொடுக்கவில்லை. இரண்டாவதாக வந்த சண்முகம் குகதாசன் 16 ஆயிரத்துக்கு மேல் எடுத்தார்.

வாக்காளர் இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? ஆசனம் வேண்டும், ஆனால் அடுத்த ஆளை ஆயத்தப்படுத்துங்கள் என்றார்கள். கட்சி அதைக் கேட்கவில்லை. வென்ற ஆசனத்தின் ஆறுதலில் அந்தச் செய்தி அமுங்கிப் போனது. அடுத்த நாலு வருடம் ஐயாவின் உடல்நிலை தளர்ந்துகொண்டே போனது. பாராளுமன்றத்துக்குப் போவதே அரிதானது. 2023 இல் சொந்தக் கட்சிக்குள்ளிருந்தே, திருமலைக்குச் செயற்படும் எம்பி தேவை, பதவியை விட்டுக் கொடுக்கலாம் என்ற குரல் பொதுவெளியில் வந்தது. அவர் விடவில்லை. மக்கள் ஐந்து வருடத்துக்குத் தெரிவு செய்தார்கள் என்பது அவர் நிலைப்பாடு. சட்டப்படி அது சரி. ஆனால் குச்சவெளியில் காணி அளக்க ஆட்கள் வந்து நிற்கும் நாளில் தொலைபேசியில் கூப்பிட ஓர் எம்பி இல்லாத சனத்துக்கு அந்தச் சரியால் பயன் இல்லை. இதை மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. அவர் போன்ற ஒருவரை அந்த வயதிலும் முன்னே நிறுத்தி, பின்னால் ஒளிந்துகொண்ட கட்சிக்குத்தான் இந்தக் குறை அதிகம் சேரும்.

2024 ஜூன் 30 ஆம் திகதி, 91 ஆவது வயதில் அவர் காலமானார். 1997 இல் அவரை உள்ளே கொண்டுவந்த அதே விதிப்படி, விருப்பு வாக்கில் அடுத்தவரான குகதாசன் எம்பி ஆனார். நாலு மாதத்தில் பொதுத் தேர்தல் வந்தது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் எதிரெதிராக நின்ற தமிழரசுக் கட்சியும், பழைய கூட்டமைப்புக் கட்சிகள் சில சேர்ந்த ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியும் திருமலையில் வீட்டுச் சின்னத்தில் ஒன்றாக நின்றன. இங்கே பிரிந்தால் என்ன ஆகும் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரிந்திருந்தது.

நல்ல காலம், சேர்ந்தார்கள். தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டி 87 ஆயிரம், ஐக்கிய மக்கள் சக்தி 53 ஆயிரம், வீடு 34 ஆயிரத்துச் சொச்சம். ஓர் ஆசனத்தின் விலை சுமார் 58 ஆயிரம். திசைகாட்டி போனஸோடு இரண்டை எடுத்த பிறகு அதன் மிகுதி 29 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. மீதி இரண்டு ஆசனங்களில் ஒன்று ஐக்கிய மக்கள் சக்திக்கு, மற்றது வீட்டுக்கு. 2020 இல் வீட்டின் மிகுதிக்கும் அடுத்த மிகுதிக்கும் இடைவெளி 18 ஆயிரம். 2024 இல் அது ஐயாயிரத்தைச் சற்றே தாண்டியது. அடுத்த தேர்தலில் சின்னஞ்சிறு அணிகளுக்கு நாலாயிரம் வாக்கு கழன்றாலே இந்த இடைவெளி அடைபட்டுவிடும். குகதாசன் இப்போது இருப்பது அந்த ஆசனத்தில்தான்.